டிகிரி இல்லாமல் இன்டீரியர் டிசைனர் ஆவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறு ஏதோ ஒரு வேலையில் இருந்துகொண்டு "நான் இன்டீரியர் டிசைனுக்கு வரலாமா" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். உற்சாகப்படுத்துவேன் என்று நினைத்து வந்திருந்தால் சில பதில்கள் கொஞ்சம் கசக்கும்.

டிகிரி கட்டாயமா, இல்லையா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வீடுகளுக்கு வேலை செய்ய பெரும்பாலான நாடுகளில் கட்டாயம் இல்லை. இதற்கு மேல் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயருக்குத்தான் சட்டப் பாதுகாப்பு (இந்தியாவில் 1972-இல் வந்த சட்டம், பிரிட்டனில் 1997-இல் வந்தது). 'இன்டீரியர் டிசைனர்' என்று கார்டில் அச்சடித்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அமெரிக்காவில் கதை வேறு. லூசியானா, நெவாடா, தலைநகர் வாஷிங்டன் ஆகிய இடங்களில் இந்தத் தொழிலுக்கே உரிமச் சட்டம் இருக்கிறது. வேறு பல மாநிலங்களில் பதிவு செய்தவர்கள் மட்டுமே குறிப்பிட்ட பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளலாம். கனடாவின் ஒன்டாரியோவிலும் பட்டப்பெயருக்குப் பாதுகாப்பு உண்டு. வட அமெரிக்காவில் இதற்கெல்லாம் அடிப்படை என்.சி.ஐ.டி.க்யூ. என்கிற தேர்வு. கல்லூரி அளவில் வடிவமைப்புப் பாடங்கள் படித்ததற்கும் வேலை அனுபவத்துக்கும் சான்று காட்டினால்தான் அதை எழுத விடுவார்கள். முழுக்கத் தானாகக் கற்றுக்கொண்டவர் நேராகப் போய் உட்கார முடியாது.

ஆகவே முதல் வேலை, நீங்கள் தொழில் செய்யப்போகும் இடத்தின் சட்டத்தைப் பார்ப்பது. ஒரு மாலை நேரம் போதும். பலர் இதைச் செய்யாமலேயே விசிட்டிங் கார்டு அடித்துவிடுகிறார்கள்.

டிகிரி இல்லாதவர் எதுவரை கை வைக்கலாம்?

மேஜை நாற்காலி, அலமாரி, நிறம், துணி, விளக்கு, தரை, சமையலறை அமைப்பு, இடம் பிரிப்பு எல்லாம் செய்யலாம். சுவரை இடிப்பது என்று வரும்போது நிறுத்த வேண்டும். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்தில் சொல்ல வேண்டும். மின்சாரத்தில் ஸ்விட்ச் எங்கே, விளக்கு எங்கே என்று முடிவு செய்வது நீங்கள். லோடு எவ்வளவு, வயர் எந்தக் கனம் என்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பாடு. அலுவலகம், மருத்துவமனை, பள்ளி போன்ற பொது இடங்களுக்குப் போனால் தீ பாதுகாப்பு, வெளியேறும் வழியின் அகலம், சக்கர நாற்காலி திரும்ப இடம் (பல நாட்டு விதிகள் ஏறத்தாழ 1.5 மீட்டர் விட்டம் கேட்கும்) எல்லாம் சட்ட விஷயமாகிவிடும். அதனால்தான் டிகிரி இல்லாமல் வருகிறவர்களை வீடுகளில் ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

எனக்கு நல்ல ரசனை இருக்கிறது, என் வீட்டைப் பார்த்து எல்லோரும் பாராட்டுகிறார்கள். அது போதாதா?

போதாது. உங்கள் வீட்டில் நீங்களே கிளையன்ட், நீங்களே டிசைனர். ஒரு அலமாரி 3 செ.மீ. குறைவாக வந்துவிட்டால் "பரவாயில்லை" என்று நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்வீர்கள். இன்னொருவர் காசில் வேலை செய்யும்போது அந்த 'பரவாயில்லை' கிடைக்காது.

ரசனை உள்ளவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிளையன்ட் பணம் கொடுப்பது, பத்து பேரின் வேலை ஒன்றோடொன்று மோதாமல் முடிவதற்கும், மோதினால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருப்பதற்கும்தான். கல்லூரியில் படித்தவருக்கும் உங்களுக்கும் உள்ள உண்மையான இடைவெளி ரசனையில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும், தச்சர் அதைப் பார்த்து நீங்கள் நினைத்ததையே செய்துவிடும் அளவுக்கு ஒரு படம் போட வருமா? வந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

அப்படி என்ன இருக்கிறது அந்த வரைபடத்தில்?

ஓர் உதாரணம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படுக்கையறையில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் இடைவெளி, அதில் துணி அலமாரி. டேப்பை வைத்தால் 1800 மி.மீ. வருகிறது. புதிதாக வருகிறவர் 1800 அகலத்தில் அலமாரி வரைந்து அனுப்பிவிடுவார். தளத்தில் அது உள்ளே போகாது. பூச்சு எப்போதும் ஒரே சீராக இருக்காது, அதனால் தரையில் 1800 இருக்கும் இடைவெளி இடுப்பு உயரத்தில் 1794-ஆகவும் மேலே 1788-ஆகவும் இருக்கலாம். மூன்று உயரத்தில் அளந்து, மிகக் குறைந்ததை எடுத்து, அதிலும் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு, அந்த இடுக்கை மூட ஒரு ஃபில்லர் பட்டை காட்ட வேண்டும்.

அப்புறம் ஆழம். ஹேங்கரில் சட்டை நேராகத் தொங்க உள்ளே 55 செ.மீ.யாவது வேண்டும், அதனால்தான் அலமாரிகள் மொத்தமாக 60 செ.மீ. ஆழத்தில் வருகின்றன. தரையோரம் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை) ஓடுகிறதா? ஓடினால் அதன் கனம் அளவுக்கு அலமாரி முன்னே தள்ளி நிற்கும், அல்லது ஸ்கர்ட்டிங்கை வெட்ட வேண்டும். எது என்று படத்தில் எழுதியிருக்க வேண்டும். உள்ளே டிராயர் வைத்தால் அது கீலில் இடிக்காமல் வெளியே வருகிறதா? கதவு முழுதாகத் திறந்தால் கட்டிலில் தட்டுமா? பக்கத்துச் சுவரில் இருக்கும் ஸ்விட்ச் போர்டு அலமாரிக்குப் பின்னால் மறைந்துவிடுமா? பிளைவுட் என்ன கனம், லேமினேட்டின் (பிளைவுட் மேல் ஒட்டும் மெல்லிய தகடு) வரி நெட்டுவாக்கிலா குறுக்குவாக்கிலா, ஓரப்பட்டை எத்தனை மி.மீ.?

ஒரே ஓர் அலமாரிக்கு இத்தனை. அழகான 3டி படத்தில் இதில் ஒன்றுகூடத் தெரியாது.

சரி, எதை எந்த வரிசையில் கற்பது?

என் வரிசை இது, மற்றவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். முதலில் அளப்பது. அப்புறம் மனித உடலின் அளவுகள்: உட்காரும் உயரம் 45 செ.மீ., சாப்பாட்டு மேஜை 75, சமையல் மேடை 85 முதல் 90 (சமைப்பவர் குள்ளமோ நெட்டையோ என்றால் மாறும், கேட்க வேண்டும்), சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 40 முதல் 45, ஆள் தாராளமாக நடக்க 90. இதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்றில்லை, உடம்பிலேயே பதிந்திருக்க வேண்டும். எங்கே போனாலும் சிறிய டேப் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். வசதியாக இருக்கும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்ததும் அளந்துவிடுங்கள், பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பார்த்தாலும் சரி.

அடுத்து பிளான் (மேலிருந்து பார்க்கும் படம்), எலிவேஷன் (நேர் எதிரே நின்று பார்க்கும் படம்), செக்‌ஷன் (குறுக்கே வெட்டிப் பார்க்கும் படம்). அடுத்து பொருட்கள், அதாவது பிளைவுட்டுக்கும் எம்.டி.எஃப்.புக்கும் (மர நார்களை அழுத்திச் செய்யும் பலகை) என்ன வித்தியாசம், ஈரம் பட்டால் எது உப்பும், எந்தத் துணி வெயிலில் வெளுக்கும், எந்தக் கல்லில் எலுமிச்சைச் சாறு பட்டால் தடம் விழும் (மார்பிளில் விழும், கிரானைட்டில் பொதுவாக விழாது). அடுத்து விளக்கு, இது நிறையப் பேர் தாவிவிடும் பாடம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: 2700 முதல் 3000 கெல்வின் வரை மஞ்சள் சாயல், 4000 நடுவாந்தரம், 6500-க்குப் போனால் நீலம் பாய்ந்த வெள்ளை. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு, வீட்டுக்கு 90-க்கு மேல் தேடுங்கள். நீங்கள் பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த சுவர் நிறம் மட்டமான பல்பின் கீழே செத்துப்போவதைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

நிறமும் பாணியும் கடைசியில் வந்தால் போதும். அவை உங்களிடம் ஏற்கெனவே கொஞ்சம் இருப்பதால்தானே இந்தப் பக்கமே வந்திருக்கிறீர்கள்.

எந்த மென்பொருள்?

படம் வரைய ஒன்று, முப்பரிமாணத்தில் காட்ட ஒன்று. படம் வரைய ஆட்டோகேட் தெரிந்தால் எந்த அலுவலகத்திலும் உட்காரலாம். முப்பரிமாணத்துக்கு ஸ்கெட்ச்அப் சீக்கிரம் பிடிபடும், பிரவுசரிலேயே ஓடும் இலவசப் பதிப்பும் இருக்கிறது. பிளெண்டர் முழுக்க இலவசம், கற்கக் கஷ்டம். பெரிய கட்டட நிறுவனங்களில் ரெவிட் கேட்பார்கள், வீட்டு வேலைக்கு இப்போதைக்கு வேண்டாம். ஒன்றை உருப்படியாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்தை அரைகுறையாகத் தெரிந்துவைத்து பயோடேட்டாவில் வரிசையாகப் போடுபவர்களை ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்குக் கையால் வரையவே வராதே?

ஓவியம் வர வேண்டாம். கிளையன்ட் எதிரே உட்கார்ந்திருக்கும்போது "கதவு இங்கே, அலமாரி இப்படி" என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்ட வந்தால் போதும். கட்டம் போட்ட நோட்டில் கொஞ்ச நாள் பழகினால் வந்துவிடும்.

ஆன்லைன் சான்றிதழ் படிப்புகளுக்குப் பணம் கொடுக்கலாமா?

யார் உங்கள் வேலையைத் திருத்துகிறார்கள் என்று கேளுங்கள். வீடியோவைப் பார்த்து, கேள்விக்கு டிக் அடித்து, கடைசியில் சான்றிதழ் தரும் படிப்பு என்றால் அதே விஷயம் இலவசமாகவும் கிடைக்கும். நீங்கள் போட்ட பிளானை அனுபவமுள்ள ஒருவர் எடுத்து, சிவப்புப் பேனாவால் "இந்தக் கதவு எதில் இடிக்கிறது பார்" என்று எழுதித் திருப்பித் தருகிறார் என்றால் அதற்குப் பணம் கொடுக்கலாம், தாராளமாக. காசு அந்தச் சிவப்பு மைக்குத்தான். சான்றிதழை எந்தக் கிளையன்ட்டும் கேட்டு நான் பார்த்ததில்லை.

உரிமம் கட்டாயமாக இருக்கும் ஊர்களில் மட்டும் இந்தப் பதில் மாறும். அங்கே படிப்பு அங்கீகாரம் பெற்றதா, தேர்வுக்குச் செல்லுமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள், சேர்ந்த பிறகு தெரிந்து பயனில்லை.

கிளையன்ட்டே இல்லாமல் போர்ட்ஃபோலியோ எப்படிச் செய்வது?

இருக்கிற அறைகளை வைத்துத்தான். உங்கள் வீடு, உறவினர் வீடு, காலியாகக் கிடக்கும் ஒரு கடை. உண்மையான அளவு எடுங்கள், அதில் உண்மையான ஒரு சிக்கலைத் தீர்த்துக் காட்டுங்கள். "நவீன பாணி வரவேற்பறை" என்று நெட்டில் எடுத்த பிளானை வைத்து மினுமினு படம் போட்டால் அது ஆயிரம் பேரிடம் இருக்கும். "மூட்டுவலி உள்ள பாட்டிக்கு, ஒரே அறையில் படுக்கவும் தைக்கவும் இடம் வேண்டும், ஜன்னலை அடைக்கக் கூடாது" என்று எழுதி, நீங்கள் யோசித்து ஒதுக்கிய இரண்டு பிளான்களையும் ஏன் ஒதுக்கினீர்கள் என்பதையும் சேர்த்துப் போட்டால் பார்ப்பவர் நிறுத்திப் படிப்பார். மூன்று வேலைகள் இப்படி இருந்தால் போதும்.

செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டாதீர்கள். கற்பனை வேலை என்றால் கற்பனை என்றே எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நெட்டில் எடுத்த படத்தைத் தன் வேலை என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பிடிபடும்போது டிகிரி இல்லாதவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பெயர் கெடுகிறது.

முதல் வேலையை நண்பருக்கு இலவசமாகச் செய்யலாமா?

குறைவான கட்டணத்தில் செய்யுங்கள், இலவசமாக வேண்டாம். காசு கொடுக்காதவர் முடிவெடுக்க மாட்டார். நிறத்தை ஏழு முறை மாற்றுவார், நீங்களும் வாயைத் திறக்க முடியாது. நட்பும் போய், வேலையும் பாதியில் நிற்கும். சிறிய தொகையாக இருந்தாலும் என்னென்ன செய்து தருவீர்கள், எத்தனை முறை மாற்றித் தருவீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முடிந்ததும் போட்டோ எடுக்க அனுமதி வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

நேராகத் தனியாக ஆரம்பிப்பதா, யாரிடமாவது வேலைக்குச் சேர்வதா?

முடிந்தால் சேருங்கள். டிசைனர் அலுவலகம்தான் வேண்டும் என்றில்லை. மாடுலர் கிச்சன் செய்யும் இடம், டைல்ஸ் ஷோரூம், ஃபர்னிச்சர் பட்டறை, விளக்குக் கடை எல்லாமே பள்ளிக்கூடம்தான், அங்கே டிகிரியையும் அவ்வளவாகக் கேட்பதில்லை. கிச்சன் ஷோரூமில் ஒரு வருடம் இருந்தவருக்கு மேடை, சிங்க், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் கனவில் வரும். அடுப்பு, சிங்க், குளிர்சாதனப் பெட்டி மூன்றுக்கும் நடுவே நடக்கும் தூரத்தைக் கூட்டினால் சுமார் 4 முதல் 8 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது எப்போது சரியாக வரும், எப்போது உடைக்கலாம் என்பது நூறு சமையலறை வரைந்த பிறகுதான் விளங்கும்.

அலுவலகத்தில் முதலில் தருவது கவர்ச்சியான வேலையாக இருக்காது. சாம்பிள் அடுக்குவது, அளவு சரிபார்ப்பது, கொட்டேஷன் ஒப்பிடுவது, சைட்டில் குறைகளைப் பட்டியல் போடுவது. அந்தக் குறைப் பட்டியல்தான் இருப்பதிலேயே நல்ல பாடம், ஏனென்றால் எந்த வரைபடத்தில் என்ன விட்டுப்போனால் கடைசியில் என்ன ஆகும் என்பது அதில் வரிசையாக எழுதியிருக்கும்.

இப்போதைய வேலையை எப்போது விடலாம்?

சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு முதலில். ஒரு வீட்டு வேலை பேச்சு ஆரம்பித்து முடிய பல மாதம் இழுக்கும், கடைசித் தவணை அதற்கும் பிறகு வரும். அதனால் கையில் ஒரு வேலை முடிந்து, இரண்டாவது பாதியில் ஓடி, மூன்றாவது பேச்சில் இருக்கும்போது விடுவது நல்லது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது: சைட் வேலை பகல் வேலை, தச்சரும் டைல்ஸ்காரரும் உங்கள் ஆபீஸ் முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள். பகுதி நேரமாகச் செய்யும்போது வடிவமைப்பு மட்டும், அல்லது ஒரே ஓர் அறை மட்டும் என்று எடுங்கள். மேற்பார்வையும் சேர்த்து ஒத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் கெட்ட பெயர்.

40 வயதாகிவிட்டது. தாமதமா?

எல்சி டி வுல்ஃப் நியூயார்க்கில் மேடை நடிகையாக இருந்தவர், நாற்பதைத் தாண்டிய பிறகுதான் இதற்கு வந்தார். 1905-இல் காலனி கிளப் என்ற பெண்கள் மன்றத்தின் உள்ளரங்க வேலை அவருக்குக் கிடைத்தது, அதற்குப் பிறகு அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாகவே நிலைநிறுத்தியவர்களில் ஒருவராக ஆகிவிட்டார். ஜப்பானின் தடாவ் ஆண்டோ குத்துச்சண்டைக்காரராக இருந்து, கட்டடக்கலையைத் தானே கற்று, 1995-இல் கட்டடக்கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை வாங்கினார். இப்படிப் பெயர்களை அடுக்கலாம், ஆனால் வுல்ஃபுக்கு அந்த மன்றத்தில் நல்ல செல்வாக்குள்ள நண்பர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வயது தடையில்லை. உடல் உழைப்பு இருக்கிறது, ஒரு நாளில் பல மாடி ஏறி இறங்க வேண்டியிருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். மற்றபடி வீட்டுக்காரர்கள் பலர் தங்கள் வயதுக்காரரிடம்தான் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

பழைய வேலையில் கற்றது எல்லாம் வீணா?

கணக்கராக இருந்தவர் பட்ஜெட்டைக் கையாளும் விதத்தைப் பார்த்தால் டிசைன் படித்தவர்கள் பொறாமைப்படுவார்கள். நர்ஸாக இருந்தவருக்கு முதியோர் வீட்டில் கைப்பிடி எங்கே வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். மென்பொருள் திட்டங்களை நடத்தியவருக்கு யார் முடித்த பிறகு யார் வர வேண்டும் என்ற வரிசை ரத்தத்திலேயே இருக்கும். ஆசிரியர்களுக்குப் பொறுமை. விற்பனையில் இருந்தவருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லவே வேண்டாம். பழைய வேலையை ஒளிக்காதீர்கள், அதை ஒட்டியே முதல் கிளையன்ட்டுகளையும் தேடுங்கள்.

கட்டணம் எப்படிக் கேட்பது?

மொத்தமாக ஒரு தொகை, மணிக்கணக்கு, சதுர அடிக் கணக்கு, மொத்தச் செலவில் சதவீதம் என்று நான்கு வழி. புதியவர்களுக்கு மணிக்கணக்கு ஒத்துவராது, ஏனென்றால் கற்றுக்கொள்ள ஆன நேரத்துக்கும் கிளையன்ட் காசு கொடுப்பது போல ஆகும். சதவீதத்தில், செலவு கூடினால் உங்கள் வருமானமும் கூடும் என்பதால் கிளையன்ட்டுக்கு மனதுக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். மொத்தத் தொகையாகப் பேசி, வேலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் ஆரம்பிக்கும் முன் அதற்கான பணத்தை வாங்குங்கள். முன்பணம் இல்லாமல் டேப்பைக்கூட எடுக்காதீர்கள்.

கடைக்காரர்கள் கமிஷன் தருகிறார்கள். வாங்கலாமா?

கிளையன்ட்டுக்குத் தெரிந்து வாங்கினால் அது வியாபாரம். தெரியாமல் வாங்கினால், எந்த டைல்ஸை நீங்கள் சிபாரிசு செய்தாலும் அதன் பின்னால் ஒரு பொய் ஒட்டியிருக்கும். ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், "இந்தத் தள்ளுபடி உங்களுக்கே" என்றோ "இது என் வருமானத்தின் ஒரு பகுதி" என்றோ. இரண்டும் சரிதான். டிகிரி இல்லாதவருக்கு நம்பிக்கை ஒன்றுதான் மூலதனம், அதை ஒரு பெட்டி டைல்ஸுக்கு விற்பது எனக்குப் புரிவதே இல்லை.

அனுபவமுள்ள தச்சர்கள் என்னை மதிப்பார்களா?

தெரிந்ததாக நடித்தால் மாட்டார்கள், பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். "அண்ணே, இந்த மூலையை நீங்கள் எப்படிச் சேர்ப்பீர்கள்?" என்று கேட்டால் அரைமணி நேரம் விளக்குவார்கள், எந்தப் பாடத்திலும் இல்லாத விஷயம் கிடைக்கும். ஆனால் முடிவெடுத்த பிறகு உறுதியாக நில்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மாற்றத்தை அன்றே படத்தில் ஏற்றி, தேதி போட்டு, பழைய தாளை சைட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பாதிச் சண்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய தாளால்தான் வருகின்றன.

கிளையன்ட் "என்ன படித்திருக்கிறீர்கள்" என்று கேட்டால்?

உண்மையைச் சொல்லிவிட்டு, முடித்த ஒரு வேலையின் வரைபடத் தொகுப்பை மேஜையில் விரியுங்கள். பெரும்பாலானவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை. கேட்பவர் டிகிரி உள்ளவரிடம் போகட்டும், வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஏஐ இப்போது நொடியில் அறைப் படம் போட்டுத் தருகிறதே, இந்தத் தொழிலுக்கு இனி எதிர்காலம் உண்டா?

வெறும் படம் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்குக் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். கிளையன்ட்டுகளே இப்போது அப்படி ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் ஜன்னல் இருக்கும் இடத்தில் அலமாரி இருக்கும், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று தெரியாது, ஒரு பிளக் பாயின்ட்கூட இருக்காது. அந்தப் படத்தில் அவருக்குப் பிடித்தது எது, நிறமா, வெளிச்சமா, இடம் காலியாக இருப்பதா என்று கேட்டு, அதை அவருடைய 1788 மி.மீ. இடைவெளிக்குள் கொண்டுவர இன்னும் ஆள் தேவைப்படுகிறது.

இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும். என்ன செய்வது?

இப்போது உட்கார்ந்திருக்கும் அறையை அளந்து, 1:50 அளவில் (நிஜத்தில் 50 செ.மீ. என்றால் தாளில் 1 செ.மீ.) ஒரு தாளில் போடுங்கள். கதவு திறக்கும் பக்கம், ஜன்னலின் கீழ்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டும் மூலையிலிருந்து எவ்வளவு தூரம், எல்லாம் இருக்கட்டும். பிறகு அந்த அறையைப் பார்த்திராத ஒருவரிடம் தாளை மட்டும் கொடுத்து, 2 மீட்டர் அகலத் திரைச்சீலைக் கம்பியை எங்கே மாட்டலாம், போனை எங்கே சார்ஜ் போடலாம் என்று கேளுங்கள். அவர் உங்களிடம் திருப்பிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, அவற்றுக்கெல்லாம் பதில் இருக்கும்படி மறுபடி வரையுங்கள்.